வரப்பில் பதிந்த கைகள்

எங்கள் குடும்பத்தில் யாரும் சேற்றில் இறங்கியதில்லை. அந்தக் குறுவையில் அப்பா இறங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

வலங்கைமானுக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி எங்களுக்கு ஒரு ஏக்கர் வயல் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதை ஒருவர் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். குத்தகைக்காரர்களின் பெயரைத் தாலுகா அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று புதிய சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் அவரை யாரும் வெளியேற்ற முடியாது. ஏறாவிட்டால் அடுத்த போகம் அவருக்கு இல்லை.

அவர் மனுக் கொடுத்தார். அப்பா கும்பகோணம் போய் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தார். வக்கீல் சொன்னது இரண்டே விஷயம். நாங்களே பயிர் செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நாலு பேர் கண்ணில் படும்படி வயலில் நிற்க வேண்டும்.

நடவு முடிந்த வாரத்தில், இனி வயலில் கால் வைக்கக் கூடாது என்று குத்தகைக்காரருக்கு அப்பா சொல்லி அனுப்பினார். கடைத்தெருவில் ஆளும் கட்சியின் கறுப்பு சிவப்புக் கொடி பறந்தது. சேரியின் முகப்பில் சிவப்புக் கொடி. தகராறு உள்ள வயலில் கூலிக்கு யாரும் இறங்குவதில்லை என்று ஆட்கள் முடிவு செய்திருந்தார்கள். ஆகவே அப்பா ஒருவர்தான். காலையில் வேட்டியை மடித்துக் கட்டி, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தெரு வழியாகவே போவார். பள்ளியில் மதிய மணி அடித்ததும் நான் வீட்டுக்கு ஓடி, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போவேன். அதுவும் நாலு பேர் பார்ப்பதற்குத்தான்.

உச்சி வெயிலில் வயல்வெளியில் சத்தமே இருக்காது. தண்ணீர் மேல் வெளிச்சம் மட்டும் அசையும். அப்பா பயிருக்கு நடுவில், கெண்டைக்கால் அளவு தண்ணீரில், அசையாமல் நின்றுகொண்டிருப்பார். மண்வெட்டி நனைந்திருக்காது. நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கச் சற்று நேரமாகும்.

இரண்டு வாரம் போன பிறகுதான் கவனித்தேன். களை மண்டியிருக்க வேண்டிய வயல் சுத்தமாக இருந்தது. பிடுங்கிய களை வரப்பு ஓரத்தில் வேர் மேலே தெரிய வரிசையாகக் கிடந்தது. வேரில் ஈரம் காயவில்லை. அப்பா குனிந்து நான் பார்த்ததே இல்லை.

"யாருப்பா களை எடுத்தது?"

"சாப்பாட்ட வை."

வரப்பில் நண்டு வளைகள் உண்டு. அவற்றை அடைக்காவிட்டால் தண்ணீர் பக்கத்து வயலுக்கு வடிந்து பயிர் காய்ந்துவிடும். தினமும் நண்டு புதிதாக வளை தோண்டும். தினமும் அது அடைபட்டிருக்கும். கையைத் தோள்வரை உள்ளே விட்டுச் சேற்றைத் திணித்து, மேலே உள்ளங்கையால் ஓர் அழுத்து. ஒவ்வொரு அடைப்பின் மேலும் ஒரு கை பதிந்திருந்தது. ஒரு நாள் எண்ணினேன். பதினோரு கைகள். எல்லாம் சின்னக் கைகள். எல்லாம் ஒரே கை.

பள்ளிக்கூடத்தில் பேச்சு கிளம்பிவிட்டது.

"ஒங்க வயல்ல பேய் களை எடுக்குதாம்டி."

"பேயி எடுக்காம? ஒங்கப்பாவுக்கு மம்பட்டிய எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். குத்தகைக்காரரின் மகள் சிரிக்கவில்லை. அவளும் என் வகுப்பு, என் வயது. எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்தால் என்னை "வாங்க, போங்க" என்பாள், பள்ளிக்கூடத்தில் "வாடி" என்பாள். இரண்டையும் நாங்கள் இருவரும் சரியாகப் பின்பற்றினோம். அன்று அவள் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நகக்கண்களில் கறுப்புச் சேறு இருந்தது. கழுவியும் போகாத சேறு. அதை நான் பார்த்தேன். எனக்குத் தெரியாது என்று இப்போதும் சொல்ல முடியாது.

மறுநாள் மதியம் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். காய்ந்துகொண்டிருந்த ஓர் அடைப்பின் மேல், பதிந்திருந்த கைக்குள் என் கையை வைத்தேன். விரலுக்கு விரல் பொருந்தியது. வெயில் உச்சியில் இருந்தது, சேறு மட்டும் குளிர்ந்து கிடந்தது. உள்ளேயிருந்து யாரோ கையைக் கொடுத்தது போல இருந்தது.

பயமும் ஆச்சரியமுமாக அதை அப்பாவிடம் சொன்னேன். "அந்தக் கை எனக்கு அப்படியே இருக்குப்பா!"

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

விசாரணைக்கு அதிகாரி வந்தது ஒரு காலைப்பொழுதில். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் கணக்குக் கட்டோடு கூட வந்தார். சாகுபடிக் கணக்கில் அப்பா பெயர்தான் இருந்தது. குத்தகைக்காரர் பெயரை எந்தக் கர்ணமும் அதில் எழுதியதில்லை. அதிகாரி குடையைப் பிடித்தபடி வரப்பில் நின்றார். என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் அப்பா கூட்டிவந்திருந்தார்.

குத்தகைக்காரர் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். அவரிடம் காகிதம் எதுவும் இல்லை.

"நாத்து உட்டது நானு, நட்டது எம் பொண்டாட்டி. எறங்காதன்னாங்க, எறங்கல. ஆனா பயிரு காயிறத பாத்துக்கிட்டு எப்புடிங்க இருக்கிறது? விடியிறதுக்கு முன்ன வந்து களை எடுத்தோம். நண்டு வளையெல்லாம் அடைச்சது எம் பொண்ணுதாங்க. சாட்சிக்கு யாரும் வரமாட்டேங்கிறாங்க. இந்தக் கைதாங்க சாட்சி."

வரப்பைக் காட்டினார். அன்று காலை அடைத்த சேறு இன்னும் இளகலாகப் பளபளத்தது. அதிகாரி முதல்முறையாகக் குனிந்தார். குடை ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த ஒரு நிமிடம் அவர் நம்பினார். அவர் முகத்தில் தெரிந்தது.

அப்பா குரலை உயர்த்தவில்லை. "அது எம் பொண்ணு கை சார். தெனம் சாப்பாடு கொண்டாறா. வந்தா சும்மா இருக்க மாட்டா. கேட்டுப் பாருங்க."

"ஏம் பாப்பா, நீயா அடைச்சே?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லச் சொல்லி யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

"ஆமா" என்றேன்.

"எங்க, வச்சுக் காட்டு."

வைத்தேன். பொருந்தியது. பிறகு அதிகாரி தூரத்து வரப்பில் நின்ற குத்தகைக்காரரின் மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து பக்கத்து அடைப்பில் கையை வைத்தாள். அதுவும் பொருந்தியது.

"என்னய்யா இது, ரெண்டும் சரியா இருக்கே!" என்று அதிகாரி சிரித்தார். கர்ணமும் சிரித்தார்.

நான் கையை எடுத்தேன். என் மோதிர விரலில் மெல்லிய மோதிரம் ஒன்று உண்டு. சேற்றில் அந்த விரலின் அடியில் ஒரு கோடு விழுந்திருந்தது. மற்ற எந்தக் கையிலும் அந்தக் கோடு இல்லை. அவள் அதைப் பார்த்தாள். அவள் அப்பா பார்த்தார். கர்ணம் பார்த்துவிட்டுக் கணக்குக் கட்டின் முடிச்சை அவிழ்த்தார். அதிகாரியும் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். குடையை நிமிர்த்திக்கொண்டு நகர்ந்துவிட்டார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். பிற்பாடு பத்திரிகையில் இப்படிப்பட்ட விசாரணைகளைப் பற்றி எழுதப் போனபோதெல்லாம், அந்த மௌனம் எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். கட்டு அவிழ்கிற நேரம். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன். "அது என் கை இல்லையேப்பா."

"நீ வச்சே. பொருந்திச்சு. அதுல பொய் எங்க இருக்கு?"

அம்மா கிணற்றடியில் என் கையைத் தேய்த்துக் கழுவினாள். சேறு எப்போதோ போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. மோதிரத்தைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடுத்த நாள் விடிந்ததும், பள்ளிக்குக் கிளம்பும் முன், நானாகவே வயலுக்குப் போனேன். சேரி வழியாகப் போய் அவள் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்பியவள், கால் போன போக்கில் வரப்புக்கு வந்துவிட்டேன். வரப்பு முழுவதும் வழவழவென்று இருந்தது. ஒரு கையும் இல்லை. பதினொன்றும் இல்லை, புதிதும் இல்லை. ஈரச் சேற்றால் ஒவ்வொன்றையும் மெழுகி அழித்திருந்தார்கள். அடைப்புகளை எடுக்கவில்லை, தண்ணீர் ஒரு சொட்டும் வடியவில்லை. கைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஒன்றே ஒன்றைத் தொடாமல் விட்டிருந்தார்கள். மோதிரக் கோடு உள்ளது.

சுற்றிலும் மெழுகிய மண்ணுக்கு நடுவில் அது தனியாக, விரல்களை விரித்துக்கொண்டு கிடந்தது. நான் வாய்க்காலில் இறங்கி இரண்டு கையிலும் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தேன். குனிந்தபோது எதிர் வரப்பில் அவள் நிற்பது தெரிந்தது. எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"அத விட்டுடுங்க" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அது எங்கள் கொல்லைப்பக்கமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. எந்தப் பேச்சு பேசுவதென்று அவளே முடிவு செய்திருந்தாள். "அது ஒங்களுதுதானே."

என் கையிலிருந்த சேறு விரலிடுக்கில் வழிந்து இறங்கியது. அவள் போகும்வரை அதை வைத்துக்கொண்டே நின்றேன்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. மனு தள்ளுபடி. அறுவடைக்கு வெளியூர் ஆட்களைப் போலீஸ் காவலோடு அப்பா கொண்டுவந்தார். அன்று நான் போய்ப் பார்த்தபோது அந்தக் கை வெயிலில் இறுகிச் செங்கல்லைப் போல ஆகியிருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம்தான் ஒடிந்தது.