யாரும் மறுக்காத கடன்

பகாவ் பட்டணத்து மோட்டார் சைக்கிள் கடையில் என் தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய மோட்டார்தான், தவணையில் கேட்டான். பதினெட்டு வயது, வேலையும் இல்லை, நாளைக்கு யார் கட்டுவது என்றார்களாம். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் அப்பா, கடைக்காரன் கேட்டதும் சரிதானே என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அவன் சிரம்பானில் ஒரு கல்விக் கண்காட்சிக்குப் போனான். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கிடைக்காத இடம், தனியார் கல்லூரியில் உடனே கிடைத்துவிட்டது. கட்டணத்துக்குப் படிப்புக் கடன் எடுக்கலாம், முடித்தபின் கட்டினால் போதுமாம். அந்தக் கட்டணத்தில் தோட்டத்தில் பாதிப் பேருக்கு மோட்டார் வாங்கிக் கொடுக்கலாம். நாளைக்கு யார் கட்டுவது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இலவசமாகத் தண்ணீர்ப் போத்தல் வேறு கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

எனக்கும் ஒருகாலத்தில் அப்படியொரு போத்தல் கொடுத்தார்கள். பட்டம் வாங்கிவிட்டு, இன்று பகாவில் ஒரு கிளினிக்கில் பெயர் பதிந்து மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். அந்த வேலைக்குப் பட்டத்தை யாரும் கேட்கவில்லை. கடன்தான் மாதம் தவறாமல் கேட்கிறது. மீசை சரியாக முளைக்காத பிள்ளையின் தலையில் இவ்வளவு பெரிய சுமையை ஏற்றிவிட்டு, அதற்கு வாய்ப்பு என்று பெயர் வைக்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் தம்பி கடன் தாள்களை விரித்தான்.

"நீதான் படிச்சவ. நீ சொல்லு" என்றார் அப்பா என்னிடம்.

வேண்டாம் என்றால் அவன் அப்பாவோடு செம்பனைக் குலை ஏற்றப் போவான். அப்பாவின் முதுகு படும் பாட்டை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போ என்றால் என்னைப்போல் ஆவான். வட்டி, வேலை, சம்பளம் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். பயந்து பின்வாங்கிவிடுவான் என்று உள்ளூர நம்பினேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிலா அக்கா. இன்னைக்கு உனக்குப் பதினெட்டு வயசுனா, நீ போவியா மாட்டியா?" என்றான்.

பொய் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை.

"போவேன்" என்றேன்.

அதுவரை பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. என் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் உண்மையில் பயந்தேன். கடனும் தெரியும், கிளினிக்கும் தெரியும். தெரிந்தும் அதே தாளில் கையெழுத்துப் போடுவேன். எங்களுக்கு வேறு வாசல் ஏது?

தம்பி பேனா தேடினான். வீட்டில் இருந்த எதுவும் எழுதவில்லை. என் கைப்பையில் ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.