ஈரம் காயாத நெற்றி

குற்றாலத்தில் எனக்கு ஒரு வீடு உண்டு. சாரல் காலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவேன். மற்ற மாதங்களில் பூட்டித்தான் கிடக்கும். எனக்குத் தென்காசியில் பலசரக்குக் கடை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம், அருவி நூலாக இறங்கிக்கொண்டிருந்த சமயம், ஓர் ஓவியர் அந்த வீட்டைக் கேட்டு வந்தார். சிவகிரிக்காரர். மதராஸில் ஓவியம் படித்தவர். முப்பது வயதிருக்கும்.

"சீசன்ல வந்திருக்கலாமே தம்பி, இப்போ ஒரு ஆள் இருக்காதே" என்றேன்.

"ஆள் இருக்காதுன்னுதான் வந்தேன் அண்ணாச்சி."

சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் விளக்கு எரியாமல் இருந்ததில்லை. நான் வந்து ஏற்றிவிட்டுப் போவேன். அவர் சரி என்றார்.

பகலெல்லாம் கோயிலைச் சேர்ந்த சித்திர சபையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே நாலு சுவரிலும் பழைய காலத்து ஓவியங்கள். தேவர்களும் முனிவர்களும் பெண்களும் நெருக்கியடித்து நிற்பார்கள். அதைப் பென்சிலால் பார்த்து எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் கேன்வாஸ் துணியில் எண்ணெய் வர்ணத்தால் தீட்டுவார். ஆனால் கூட்டத்தை எடுத்துவிடுவார். அந்தச் சுவரில் உள்ள அதே கண், அதே நிற்கிற வாகு. ஆனால் ஒரே ஒரு ஆள், சுற்றிலும் வெறும் இடம். ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன்.

"கூட்டத்துல நிக்குதவ முகத்தை யாரும் பாக்க மாட்டாங்கல்லா" என்றார்.

மாசி பிறந்ததும் ஐந்து படங்கள் ஆகிவிட்டன. அடுத்த சனிக்கிழமை மதராஸில் கண்காட்சி. அவருடைய படத்தை நாலு பேர் பார்க்கப்போவது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுவதாக இருந்தார்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றப் போனேன். அவர் குளிக்கப் போயிருந்தார். ஜன்னலுக்கு எதிரே ஐந்தாவது படம் நின்றது. ஆள் உயரத்தில் ஒரு பெண். சபைச் சுவரில் நிற்கிற அம்மனேதான், எனக்கு அப்படித்தான் பட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் நெற்றியில் பொட்டு இல்லை.

எங்கள் குற்றாலத்துச் சபையில் நடராஜரே சுவரில் சித்திரமாகத்தான் இருக்கிறார். தீபாராதனை அந்தச் சித்திரத்துக்குத்தான். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் படம் வேறு, சாமி வேறு என்று தோன்றவில்லை. அவசரத்தில் விட்டுப்போச்சு போல என்று நினைத்து, விளக்கடியில் இருந்த குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்து அழுத்தினேன். விரலை எடுத்தால் விரலோடு வர்ணமும் வந்தது. எண்ணெய் வர்ணம் நாள் கணக்கில் காயாது என்பது எனக்குத் தெரியாது.

துடைத்தால் இன்னும் கெடும் என்று மட்டும் தெரிந்தது. விரலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போகலாம் என்று நினைக்கவில்லை. அவர் ஈரத் துண்டோடு வந்தார்.

"தம்பி, நான் ஒரு காரியம் பண்ணிட்டேன்."

படத்தைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார்.

"எதுக்கு வச்சிய?"

"அம்மன் நெத்தி வெறுமையா இருக்கலாமா?"

"அம்மன்னு யாரு சொன்னா? எங்க அம்மை இது. எங்க அப்பா போயி இருபது வருசமாச்சு."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கோபத்தில் கத்தியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார்.

"அன்னைக்கு ஊரெல்லாம் சேந்து பொட்டை அழிச்சாங்க. இன்னைக்கு நீங்க வச்சிட்டிய. அழிக்கும்போதும் அவகிட்ட கேக்கல, வைக்கும்போதும் கேக்கல."

பிறகு எழுந்து, சின்னக் கரண்டி மாதிரி ஒரு கத்தியால் நெற்றியைச் சுரண்டினார். குங்குமப் பொடி வர்ணத்துக்குள் இறங்கியிருந்தது. புருவம் வரைக்கும் எடுத்துவிட்டுப் புதிதாகத் தீட்ட வேண்டியதாயிற்று. முடிக்கும்போது இருட்டிவிட்டது.

"காய நாலஞ்சு நாளாகும். இதை விட்டுட்டுத்தான் போகணும். இதுக்காகத்தான் மத்த நாலையும் போட்டேன்" என்றார்.

"நீங்க முன்னால போங்க. வியாழக்கிழமை நான் ஏறி வெள்ளிக்கிழமை கொண்டாந்து சேக்கேன். தூசி படாது" என்றேன். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி, "பொட்டலம் கட்டுத கைக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டாள். நியாயந்தான்.

சட்டத்தின் நாலு மூலையிலும் குச்சி கட்டி, துணி படத்தில் உரசாதபடி புது வேட்டியால் மூடி, வியாழக்கிழமை தென்காசியில் மதராஸ் வண்டி ஏறினேன். பெட்டியில் கரித்தூள் பறந்து வந்தது. ஜன்னலை இறக்கிவிட்டு, படத்தை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டேன். சங்கரன்கோவிலில் ஒரு அம்மாள் ஏறி எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணாச்சி, சாமி படமா? பொத்திப் பொத்தி வச்சிருக்கிய" என்று சொல்லிக்கொண்டே வேட்டி நுனியைத் தூக்கிப் பார்த்தாள். "ஐயோ, பொட்டில்லாமலா கூட்டிட்டுப் போறிய? கோமதி அம்மன் குங்குமம் இருக்கு. ஒரு துளி வச்சு விடுதேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்துவிட்டாள். நான் கையைக் குறுக்கே நீட்டினேன்.

"வேண்டாம் தாயி. இவுகளைக் கேக்காம வைக்கக் கூடாது."

"படத்தைக் கேக்கவா? நல்லாருக்கு உங்க பேச்சு."

"சாமி இல்ல தாயி. சிவகிரிக்காரர் ஒருத்தரைப் பெத்த அம்மை. வீட்டுக்காரர் இல்ல. நானும் தெரியாம வச்சுட்டுத்தான் இப்படி உக்காந்திருக்கேன்."

அவள் கை நின்றது. பாவம் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கி முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"தைரியமான பொம்பளை" என்றாள். முடிச்சைத் திரும்பக் கட்டினாள். ராஜபாளையத்தில் இறங்கும்வரை வேட்டியின் ஒரு பக்கத்தை அவள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள்.

காலையில் எழும்பூரில் அவர் காத்திருந்தார். அங்கேயே ஒரு தூணோரம் வெளிச்சத்தில் நிறுத்தி வேட்டியை எடுத்தோம். முதலில் நெற்றியைத்தான் பார்த்தார். புறங்கையால் லேசாகத் தொட்டும் பார்த்தார்.

"காஞ்சிருக்கு அண்ணாச்சி. ஒரு பொடி ஒட்டல."

மடியில் இருந்த திருநீற்றை எடுத்து என் நெற்றியில் மட்டும் பூசிக்கொண்டேன்.