பெரியவரும் சின்னவரும்

செல்லக்கண்ணு மைசூரில் தங்கிப்போனதற்குக் காரணம் ஒரு பாட்டு என்று சொன்னால், கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்தில் அவளுடைய சொந்தக்காரர்கள் ஒருவரும் நம்பமாட்டார்கள். கட்டட வேலைக்கு வந்த புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்தபிறகு, இனி இந்த ஊரில் நமக்கு என்ன இருக்கிறது என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பியவள்தான். கொள்ளேகால் பஸ்ஸைப் பிடிக்க ஜட்கா கிடைக்குமா என்று வெள்ளைக்காரர்கள் கிளப்பின் பின்மதில் ஓரமாக நின்றாள். உள்ளே யாரோ பியானோ வாசிக்கத் தொடங்கினார்கள். பியானோ என்ற பேர்கூட அவளுக்குத் தெரியாது. யாரோ பாத்திரம் உருட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் கால் தானாகத் தாளம் போட்டது. அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. பஸ்ஸும் போய்விட்டது. நாளைக்குப் போகலாம் என்றவள், அதே மதிலோரத்தில் வறுத்த கடலை விற்க உட்கார்ந்துவிட்டாள். சுதந்திரம் வந்தது, கிளப்பில் வெள்ளைக்காரர்கள் குறைந்து நம்மவர்கள் கூடினார்கள். மதில் அப்படியேதான் இருந்தது. கடலைக்காரியும் இருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மதிலோரம் கூட்டம் சேர்ந்துவிடும். ஜட்காக்காரர்கள், பூக்கார மாதேவி, வேலை முடிந்து திரும்பும் சித்தாள்கள். மெம்பர்களுக்கு மட்டும் என்று வாசலில் பலகை தொங்கியதால் ஒருவரும் உள்ளே போனதில்லை. ஜன்னலோ ஆள் உயரத்துக்கு மேலே. காதுக்கு எட்டியதை வைத்து அவர்களாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: உள்ளே வாசிப்பது இரண்டு பேர். ஒருவர் கீழ்க்குரலில், நிதானமாக, நடந்துகொண்டே இருப்பார். அவர் பெரியவர். இன்னொருவர் மேலே ஓடுவார், சட்டென்று நிற்பார், பெரியவரைச் சீண்டுவார், தாளம் தவறி விழப்போகிறார் என்று எல்லாரும் பதறும்போது சரியாக வந்து சேர்ந்துகொள்வார். அவர் சின்னவர்.

இதில் கட்சி வேறு. நல்ல குதிரை நடை என்று ஜட்காக்காரர்கள் பெரியவர் பக்கம். மாதேவிக்குச் சின்னவர்தான் உசத்தி. சண்டை முற்றினால் செல்லக்கண்ணு கடலை வறுக்கும் கரண்டியோடு நடுவில் வருவாள். "ரெண்டு மாட்டுல ஒண்ணு படுத்துக்கிட்டா வண்டி ஓடுமா? பேசாம கேளுங்க" என்பாள். அவளிடம் மறுபேச்சு கிடையாது. மதிலோரத்தைக் காலி செய் என்று வந்த போலீஸ்காரரே கடலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனவர்.

ஒரு வியாழக்கிழமை ஆறுமுகசாமி ஜட்காவை அவள் முன்னால் நிறுத்தினான். சவாரி வந்த மெம்பர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறான்.

"அக்கா, பியானோக்காரரு போயிட்டாராம். மாரடைப்பாம். பொதச்சும் ஆயிடுச்சாம்."

செல்லக்கண்ணு கரண்டியைக் கீழே வைத்தாள். "யாரு? பெரியவரா, சின்னவரா?"

ஆறுமுகசாமி திருதிருவென்று முழித்தான். அதைக் கேட்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சனிக்கிழமையும் கூட்டம் வந்தது. பாட்டு இல்லை என்று தெரிந்தே வந்தார்கள். வேறு எங்கே போவது? கரண்ட் போன ஒரு நாள் உள்ளே எல்லாரும் கூச்சல் போட்டபோதும் பெரியவரும் சின்னவரும் நிறுத்தாமல் வாசித்ததை மாதேவி சொன்னாள். பாட்டு முடியாமல் தன் குதிரை சவாரிக்கு நகராது என்று ஆறுமுகசாமி சொன்னான். போனது பெரியவர்தான் என்று ஒரு கட்சி, சின்னவர்தான் என்று இன்னொரு கட்சி. யார் போனாலும் தாங்காது என்று கடைசியில் இரண்டு கட்சியும் மூக்கைச் சிந்தின.

"பதினாறாம் நாள் படையல் போடோணும்" என்றாள் செல்லக்கண்ணு.

"அவங்க வேதக்காரங்க அக்கா, ஏசுவைக் கும்பிடறவங்க. படையல் எல்லாம் கிடையாது" என்றான் ஆறுமுகசாமி.

"அவிங்க வழக்கத்த அவிங்க செஞ்சாச்சு. இத்தன வருசம் ஓசியில கேட்டது நாம. ஒரு வாய் சோறு போடாம அனுப்புனா அந்த மனுசன் பசியோடதான் போவாரு. இன்னொருத்தரு வேற இருக்காரு. சோடி போனவரு என்ன பாடு படுறாரோ! அவருக்கும் ஒரு இலை போட்டுப் பக்கத்துல உட்கார வெக்கோணும்."

"எங்கக்கா போடறது?"

"அந்தப் பெட்டிக்கு முன்னாலதான். வேற எங்க தேடிக்கிட்டு வருவாரு?"

கிளப் காரியதரிசி நரசிம்மமூர்த்தி மேல்கோட்டை வழி வந்த ஐயங்கார். நல்ல மனிதர்தான், ஆனால் கிளப் விதி அவருக்கு வேதவாக்கு.

"இதோ பாரும்மா, அவருக்கு நாங்களே இரங்கல் கூட்டம் வெச்சிருக்கோம். மெம்பர்களுக்கு மட்டும்தான். அது ரூல். நான் பண்ணினது இல்லை."

"பண்ணுனவிங்க கப்பலேறிப் போயாச்சுங்களே சாமி! ஒரு இலை போட எம்புட்டு நேரமாகுமுங்க?"

"முடியாதும்மா. ஹோகு, ஹோகு."

அவள் போகவில்லை. கடலைக் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் பின்வாசலில் உட்கார்ந்தாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். செல்லக்கண்ணு அந்த அம்மியையும் பார்த்துவிட்டவள். மறுநாள் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் உட்கார்ந்தாள். நரசிம்மமூர்த்தி முன்வாசல் வழியாக வரப் பழகிக்கொண்டார்.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் கறுப்புச் சேலை உடுத்திய ஒரு அம்மாள் ஆறுமுகசாமியின் ஜட்காவில் வந்து இறங்கினாள். இறந்தவரின் மனைவி லீலா, அவருடைய பாட்டுத் தாள்களை எடுத்துப்போக வந்திருக்கிறாள் என்று ஆறுமுகசாமி காதோரம் சொன்னான். பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். பாஷைக் கஷ்டம் இல்லை.

செல்லக்கண்ணு எழுந்து கும்பிட்டாள். "அம்மிணி, உங்க வூட்டுக்காரருக்கு என்ன சாப்பிடப் புடிக்குமுங்க?"

லீலாவுக்குத் துக்கம் விசாரித்தவர்கள் எத்தனையோ பேர். இதை யாரும் கேட்டதில்லை. தயங்கி, "கருவாட்டுக் குழம்பு" என்றாள்.

"சரிங்க. அந்த இன்னொருத்தரு எப்படி இருக்காருங்க? சோறு தண்ணி எடுத்துக்கறாருங்களா?"

"எந்த இன்னொருத்தர்?"

"அதானுங்க, கூட வாசிப்பாரே. ஒருத்தரு கீழ நடந்துக்கிட்டே இருப்பாரு, ஒருத்தரு மேல வெளையாடுவாரு. உங்க வூட்டுக்காரரு பெரியவரா, சின்னவரா, அதுதான் எங்களுக்குத் தெரியலீங்க."

லீலா அவளையே பார்த்தாள். பிறகு கையைப் பிடித்து, பின்வாசல் வழியாக ஹாலுக்குள் அழைத்துப் போனாள். பியானோவின் மூடியைத் திறந்து, இடது கோடியில் ஒரு கட்டையை அழுத்தினாள். "இது பெரியவர். அவரோட இடது கை." வலது பக்கம் அழுத்தினாள். "இது சின்னவர். வலது கை. ஒருத்தர்தாம்மா. ஒரே ஆள்."

செல்லக்கண்ணு இரண்டு கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். அதே குரல்கள்தான்.

"அப்போ ரெண்டு பேருமே போயிட்டாங்களா?" என்றாள். ஒருவராவது மிஞ்சியிருக்கிறார் என்ற தைரியத்தில் இத்தனை நாள் கல்லாக இருந்தவள், அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

லீலாவும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ரெண்டு கையும் ரெண்டு ஆளாப் பேசணும்னு விடியக்காலையில எழுந்து சாதகம் பண்ணுவார். இங்கே கை தட்டினவங்க உண்டு. இப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை. ஒருநாள் உள்ளே வந்து நீங்க அவர்கிட்டயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"உள்ள வுட்டாத்தானுங்களே?"

சத்தம் கேட்டு வந்த நரசிம்மமூர்த்தி கதவருகில் நின்றுவிட்டார். லீலா எழுந்தாள்.

"கூட்டத்துல எனக்கு முதல் வரிசையில நாற்காலி போடறதா சொன்னீங்க. அந்த நாற்காலி எனக்கு வேண்டாம் சார். நாளைக்கு மத்தியானம் இவங்க இங்கே வரட்டும். இல்லேன்னா உங்க கூட்டத்துக்கு நான் வரலை."

"அது... ரூல்னு ஒண்ணு..." என்று இழுத்தவர், இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்ன படைக்கப்போறா?" என்றார்.

"கருவாடுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முடியாது என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் மதிலோரத்துக் கூட்டம் முழுவதும் குளித்து, துவைத்த துணி உடுத்தி வந்தது. வராந்தா வரைக்கும்தான் என்று நரசிம்மமூர்த்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, யாரும் உள்ளே நுழைந்துவிடாதபடி ஹால் வாசலில் அவரே நின்றார். குழம்பு வாசனை அவரைத் தாண்டிக் கிளப் முழுக்கப் போயிற்று.

செல்லக்கண்ணு பியானோ முன்னால் தரையைத் துடைத்து விளக்கு ஏற்றினாள். தலைவாழை இலை போட்டு, சோறு வைத்து, கருவாட்டில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்துக் குழம்பு ஊற்றினாள். பக்கத்தில் இரண்டாவது இலையை விரித்தாள்.

"இது ஒண்டியா நிக்கிறவருக்குன்னு கொண்டாந்ததுங்க. நீங்க உட்காருங்க அம்மிணி."

லீலா உட்கார்ந்தாள்.

"இப்ப அவரக் கூப்பிடோணுமுங்க. கூப்பிடாம யாரும் சாப்பிட வரமாட்டாங்க. வூட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே கூப்பிடுங்க."

லீலா முதல் இலையின் ஓரத்தை நேராக்கினாள். செல்லக்கண்ணு அவசரப்படுத்தாமல் நின்றாள்.

"பென்னி" என்றாள் லீலா. பிறகு, அடுக்களையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, உரக்கவே சொன்னாள்: "பென்னி, சாப்பாடு ஆறுது. வா."

வராந்தாவில் நின்றவர்கள் இரண்டு பக்கமாக ஒதுங்கினார்கள். மாதேவி தன் பூக்கூடையை இழுத்து ஓரம் வைத்தாள். வாசலை அடைத்து நின்ற நரசிம்மமூர்த்தி, மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டு, விலகி நின்று வழி விட்டார்.