அடுப்புக்கு மேல முக்குளிச்ச கடிகாரம்

எனக்கு ஒழுங்கா எழுத வராதுங்க. அஞ்சாம் வகுப்போட நின்னவ. முன்னபின்ன மறந்தும் போவுது. பொறுத்துக்கிட்டு வாசிங்க.

என் மகன் திருகோணமலையில, வெள்ளைக்காரங்கள கடலுக்கு அடியில கூட்டிட்டுப் போயி மீன் காட்டுற வேலை செய்யிறான். கையில கட்டுற தடிச்ச கடிகாரம் மாதிரி ஒண்ணு வச்சிருந்தான். டைவ் கம்பியூட்டர்னு பேரு. எவ்வளவு ஆழத்துல இருக்கோம், எப்ப மேல வரணும்னு அது சொல்லுமாம். போன தடவை வந்தப்ப இங்கயே மறந்துட்டுப் போயிட்டான். "அடுத்து வரும்போது எடுத்துக்கிறேன், அதுவரைக்கும் வேலை எடத்துல உள்ள ஒண்ணக் கட்டிக்கிறேன்"னு போன்ல சொன்னான்.

நான் அத அடுப்புக்கு மேல ஆணியில மாட்டி வச்சேன். எங்க வட்டவளை மலைத்தோட்டத்து மழைக்கு அந்த ஒரு இடந்தான் காயும். தீப்பெட்டி, உப்பு எல்லாம் அங்கதான். மழைக்காலத்துல ஈரச்சேலையையும் அங்கயே கொடி கட்டித்தான் போடுவோம். சொட்டுத் தண்ணி பட்டா அது கண்ணு முழிச்சு இலக்கம் காட்டும். ஒத்தையில சோறு திங்கிற வீட்டுல, அது முழிச்சா யாரோ வந்த மாதிரி இருக்கும். ஒரு நாளு முழிக்கவே இல்ல.

போன்ல சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

"ஈரம் பட்டா கடல்ல இறங்கிட்டோம்னு அது நெனச்சுக்கும்மா. மழைக்காலம் பூரா உன் சேலைக்கு அடியில முக்குளிச்சிருக்கு! பேட்டரி தீந்துருச்சு. மாத்தி வையி, நானே வந்து எடுத்துக்கிறேன்."

நானே வந்துன்னு சொன்னான். அதுக்கப்புறம் அவன் சொன்னது பாதி எனக்குக் கேக்கல.

ஹட்டன் டவுன்ல கடிகாரக் கடைக்காரரு பேட்டரிய வித்தாரு, தொறக்க மாட்டேன்னுட்டாரு. "தண்ணி உள்ள போனா யாரும்மா பொறுப்பு?" அதுவும் நியாயந்தான். எதுத்துப் பேச எனக்கு வாயும் வராது. வீட்டுக்கே கொண்டாந்துட்டேன்.

வெளிச்சத்துக்காக வாசப்பக்கம் இஸ்தோப்புத் திண்ணையில உக்காந்தேன். லயத்துல பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி எட்டிப் பாத்தா.

"என்னாக்கா, இந்த வயசுல கடலுக்குக் கெளம்பிட்டீங்களா?"

"எனக்குக் குளிக்கவே சுடுதண்ணி வேணும்டி, போடி."

பின்பக்க மூடிய காசு வச்சுத் திருகினேன். உள்ள கறுப்பு ரப்பர் வளையம். பழைய வளையத்தத் திரும்பப் போடாத, கடிகாரத்தோட வந்த பொட்டியில புதுசு இருக்கு, கிரீஸ் தொட்டும் தொடாம பூசு, ஒரு முடி கெடந்தாக்கூட தண்ணி ஏறிரும்னு, மறுபடி போன் போட்டுக் கேட்டப்ப மகன் சொல்லியிருந்தான். தலையில துணி கட்டிக்கிட்டுத்தான் பேட்டரியும் வளையமும் மாத்தினேன். மூடுறதுக்கு முன்ன வெயிலுக்கு நேரா சாய்ச்சுப் பாத்தா, வளையத்து மேல என் நரைமுடி ஒண்ணு. கறுப்புல வெள்ளையா இருந்ததால கண்ணுல பட்டுச்சு. எடுத்துட்டு, தொடைச்சு, மறுபடி பூசி மூடினேன். பேசின் தண்ணியில போட்டதும் முழிச்சுக்கிருச்சு. குமிழி ஒண்ணும் வரல, உள்ள தண்ணி போகல.

ஓடிப்போயி போன் எடுத்தேன். "முழிச்சிருச்சு தம்பி, எப்ப வர்ற?"

"நீயே மாத்திட்டியா? கெட்டிக்காரிம்மா!" அப்புறம் குரலத் தாழ்த்திச் சொன்னான். "இங்க எனக்குப் புதுசே குடுத்துட்டாங்கம்மா. சீசன் வேற. லீவு கேக்க முடியாது. அத நீயே வச்சுக்க."

"சரிப்பா"ன்னேன்.

இப்ப அத சேலைக் கொடிக்கு எட்டத்துல வச்சிருக்கேன். அந்தியில வெரல நனைச்சுத் தொட்டா முழிக்கும். ஓரத்துல மலை மாதிரி ஒரு சின்னப் படம் தெரியும். ஒசரத்துல இருக்கோம்னு அதுவே கண்டுக்குமாம். கொஞ்ச நேரம் பாத்துட்டு வச்சிருவேன்.

கடல் வேலை தெரிஞ்சவங்க யாராவது இத வாசிச்சா, நான் செஞ்ச வெவரம் சரிதானான்னு பாத்துச் சொல்லுங்க. அந்த வளையமும் கிரீஸும் முக்கியமா. எப்பவாவது வந்து கேட்டான்னா, பயமில்லாம அவன் கையில கட்டி விடணும்.