உப்புத்தாள் பட்ட மூடி

வான்கோழி அழைப்புப் பெட்டிச் சங்கத்தின் ஆண்டு மலரில் இப்படி அச்சாகியிருக்கிறது: "வெர்லன் டிட்மோர், எங்கள் தலைமை மதிப்பீட்டாளர். முப்பத்தோரு ஆண்டுகளில் இவர் கைபட்ட ஒரு பெட்டிக்கும் பழுது வந்ததில்லை. தென் அலபாமாவின் பழைய பெட்டிகளுடைய குரலுக்கு இவரே காவலர்."

மலர் வந்த அன்று காவலர் தன் பட்டறையில் உட்கார்ந்து, மூன்றாவது வகைச் சாக்கட்டியை ஒரு மூடியின் அடியில் பூசிக்கொண்டிருந்தார். மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசினார். பழைய கதவுக் கீல் முனகுவதுபோல்தான் சத்தம் வந்தது.

பெட்டி மிஸ் ஓலீட்டாவுடையது. அவர் கணவர் பர்ல் தேவதாருவில் செதுக்கியது. முன்பெல்லாம் உரசினால் பெட்டை வான்கோழி சேவலைக் கூப்பிடும் குரல் அப்படியே வரும்; அதை நம்பி வரும் சேவலைத்தான் வேட்டைக்காரர்கள் சுடுவார்கள். பர்ல் இறந்த பிறகும், வசந்த வேட்டை தொடங்கும் காலையில் அந்த அம்மாள் சமையலறை வாசலில் நின்று மூன்று தடவை உரசுவார். வேட்டைக்கில்லை, கேட்பதற்கு.

"மூடிக்கு அடியில சாக்கட்டியத் தவிர எதையும் காட்டாதீங்க. அந்த அழுக்குதான்யா குரல்!" என்று வருஷா வருஷம் மேடையில் முழங்குகிறவர் வெர்லன். மலரின் அட்டைக்குப் படமெடுக்க இந்தப் பெட்டியை இரவல் வாங்கியவரும் அவரே. "கொஞ்சம் கறுப்பா தெரியுதே," என்று படக்காரர் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். வெர்லன் உப்புத்தாளை எடுத்து மூடியை அடிப்பக்கமும் சேர்த்துத் தேய்த்தார். கையோடு வார்னிஷும் ஒரு பூச்சு. அட்டையில் பெட்டி மின்னியது.

பெட்டியை வாங்கிப்போக மிஸ் ஓலீட்டா தேங்காய் கேக்கோடு வந்தார்.

"பெட்டி பேச மாட்டேங்குது. ஈரப்பதம், மிஸ் ஓலீட்டா," என்றார் வெர்லன். "மரம் ஊதிப்போச்சு."

"என் தப்புதான்ப்பா. அடுப்புக்கிட்ட, ஆவி படுற எடத்துலயே வெச்சிருந்தேன். 'அதென்ன ரொட்டியா, சூடு பண்ண?'ன்னு பர்ல் கத்துவாரு. உனக்கு வேற சிரமம் குடுத்துட்டேன், மன்னிச்சுக்கோ. சனிக்கிழமைக்குள்ள பேசுமா? அன்னிக்குத்தான் வேட்டை ஆரம்பம்."

"பாக்கலாம், மேடம்."

கேக் நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை.

கேக் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது அந்த ஊரில் அநாகரிகம். சனிக்கிழமை காலை வெர்லன் தட்டைக் கழுவித் துடைத்து, அதில் பெட்டியை வைத்தார். பக்கத்தில், மூடியின் செந்தூள் படிந்த உப்புத்தாளையும் வைத்துக் கொண்டுபோனார்.

மிஸ் ஓலீட்டா வாசலிலேயே தட்டை வாங்கினார். உப்புத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஈரப்பதம்னு சொன்னே."

"சொன்னேன், மேடம்."

"என்னைய மன்னிப்புக் கேக்க வெச்சே."

"ஆமா, மேடம்."

"கேக்கையும் தின்னே."

"மூணு துண்டு, மேடம்."

அவர் பெட்டியை எடுத்து மூன்று தடவை உரசினார். கீல் மூன்று தடவை முனகியது. காட்டிலிருந்து பதில் வரவில்லை. வெர்லன் தொப்பியைக் கையில் பிடித்தபடி மூன்றையும் நின்று கேட்டார். போ என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை, மலரில் வந்ததற்கு ஒரு திருத்தத்தைச் சங்கத்துக்கு அனுப்பினார். அதில் இருந்தது இவ்வளவுதான்: "பர்ல் செய்த பெட்டியின் மூடியை நான் உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் அடித்தேன். அதன் குரல் போய்விட்டது. அவர் மனைவியிடம் ஈரப்பதம் என்று பொய் சொன்னேன்."