குணசேகரன் தைத்த குழந்தை

குமணன்சாவடி கூட்ரோட்டில் சீட் கவர் தைக்கும் குணசேகரனைத் தெரியாத ஆட்டோக்காரன் அந்த வட்டாரத்தில் கிடையாது. அவன் தைத்த சீட்டில் உட்கார்ந்தால் பெங்களூர் வரைக்கும் முதுகு நோகாது என்று சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் முதல் ஆள் குணசேகரனேதான். கை எவ்வளவு வேலை செய்ததோ அவ்வளவு வாயும் செய்தது. அப்படிப்பட்டவன் 1987-ல் ஒரு மாசம் வாயே திறக்காமல், கடையின் பின்பக்கம் சாக்குப் படுதா கட்டிக்கொண்டு திருட்டுத்தனமாக வேலை பார்த்தான்.

எல்லாம் பார்வதம் டீச்சரால் வந்தது. கிராமங்களுக்கு நர்சாகப் போகிற பெண்களுக்குப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளி இருந்தது. அங்கே பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. ஒருநாள் காலையில் ஆட்டோவில் ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார். மூட்டையைப் பிரித்ததும் குணசேகரன் சட்டென்று ரோட்டைப் பார்த்தான். உள்ளே ஒரு பெண்ணின் வயிறும் இடுப்பும் மட்டும். தோல் கிழிந்து, பஞ்சு பிதுங்கி, கூடவே தலை அறுந்த ஒரு துணிக் குழந்தை. மரத்தால் செய்த இடுப்பெலும்பு ஒன்றுதான் அதில் உருப்படி.

"இதுலதான் எங்க பொண்ணுங்க பிரசவம் பாத்துப் பழகணும் தம்பி. புதுசு கேட்டு எழுதிப் போட்டு மூணு வருஷமாச்சு. இன்னும் ரெண்டு மாசத்துல இருபத்திரண்டு பேரும் ஊர் ஊராப் போயிடுவாங்க. இங்க பழகலேன்னா அங்க போய், யாரோ பெத்த புள்ள மேலதான் பழகுவாங்க. தைக்க முடியுமா, முடியாதா?"

தையல் விஷயத்தில் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் குணசேகரன். சரி என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் வேர்த்தது. மெயின் ரோட்டுக் கடையில் இதை வைத்துக்கொண்டு எப்படித் தைப்பது? அதற்குத்தான் சாக்குப் படுதா. உள்ளே என்ன என்று கேட்ட டிரைவர்களிடம் "லாரி ஸ்டெப்னி கவரு மாமே" என்று சொல்லி வைத்தான்.

பத்தே நாளில் தைத்து முடித்தான். மெரூன் கலர் ரெக்சின், இரட்டைத் தையல், ஓரம் முழுக்க உருட்டித் தைத்த பைப்பிங் வேறு. உள்ளே முதல்தரமான ஃபோம். குழந்தையை உள்ளே வைத்து லேசாக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். அதை இருபது தடவை வெளியே எடுத்துப் பார்த்து அவனே ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில், சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அவன் பெண்டாட்டி புஷ்பா படுதாவைத் தூக்கிவிட்டாள்.

"இன்னாயா இது கண்றாவி?"

அவன் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னான். புஷ்பா முதலில் முறைத்தாள். அப்புறம் கையை விட்டுப் பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இவ்ளோ லேசா வரும்னா மூணு புள்ளைக்கும் நான் ஏன்யா ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி கத்துனேன்? இது ஆட்டோ சீட்டுயா! இரு, புள்ள பெத்தவங்கள இட்டாறேன்."

அன்று சாயங்காலம் தெருப் பெண்கள் ஆறு பேர் படுதாவுக்குள் புகுந்தார்கள். ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். இவ்வளவு மெத்தென்று இருக்காது என்றாள் ஒருத்தி. தலை வந்துவிட்டால் போதுமா, தோள் வர வேண்டாமா என்றாள் இன்னொருத்தி. குணசேகரனுக்குக் காது மடல் வரை சிவந்தது. ஆனாலும் பென்சிலை எடுத்து எல்லாவற்றையும் ரெக்சின் துண்டில் குறித்துக்கொண்டான். உட்காருகிறவனுக்கு நோகக் கூடாது என்பதே இருபது வருஷமாக அவன் தொழில். அந்தப் பழக்கத்தில் இதையும் சொகுசாகத் தைத்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

எல்லோரும் போன பிறகும் பொன்னியம்மா போகவில்லை. பின்தெருக்காரி. அவள் மகள் வடிவு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். வடிவுக்கு இடதுகை தோளோடு தொங்கும், தூக்க வராது.

"வடிவு கைய பாத்துகீறே இல்ல?" என்றாள் பொன்னியம்மா. "வவுத்துல கீறப்போ அது நல்லாத்தான் இருந்துச்சுபா. தல வெளிய வந்துச்சு, தோளு மாட்டிக்கினு நின்னுச்சு. பிரசவம் பாத்தவளுக்கு பயம். தலைய புடிச்சி இழுத்துட்டா. புள்ள பொயச்சிச்சு, கை பூடுச்சு. நான் அவள ஒரு வார்த்த திட்டல. இழுக்கக் கூடாதுன்னு அவளுக்கு யாரு சொன்னா? உன் பொம்ம சொல்லுமா?"

 அவள் போனதும் குணசேகரன் கத்தியை எடுத்து மெரூன் ரெக்சினைக் குறுக்கே கிழித்தான். மனசு வலித்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவ்வளவு நல்ல பைப்பிங் அது.

ஃபோமை எடுத்துவிட்டு லாரி ட்யூப்பை வளையம் வளையமாக வெட்டி வைத்தான். குழந்தையின் தோளுக்குக் குறுக்கே மூங்கில் பத்தை கொடுத்தான். நேராக வந்தால் எலும்பில் மாட்டும், சாய்த்துத் திருப்பினால் வரும். பொம்மை எப்படிச் சொல்லும் என்பதுதான் பிடிபடவில்லை. கடைசியில் குழந்தையின் கழுத்திலிருந்து தோளுக்கு உள்ளுக்குள்ளேயே ஒரு நூல் கட்டினான். தலையை அளவுக்கு மீறி இழுத்தால் நூல் அறுந்து கை தொங்கிவிட வேண்டும். வாழ்நாள் முழுக்க அறுந்துபோகாத தையல் போட்டவன், சரியான நேரத்தில் அறுந்துபோகிற நூலைத் தேடி அலைந்தான்.

"எவ்ளோ இழுத்தா தப்பு டீச்சர்?" என்று கேட்டான். பார்வதம் டீச்சருக்குக் கிலோக் கணக்கில் சொல்லத் தெரியவில்லை. அவன் விரலைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "இதுக்கு மேல போகவே கூடாது." அவன் கண்ணை மூடி அந்த இழுப்பை மனசில் வாங்கிக்கொண்டான். நைலான் நூல் அறுந்தே போகவில்லை. சட்டை தைக்கிற நூல் தொட்டதும் போயிற்று. கடைக்கு எதிரே பூ விற்கிறவள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கூடையிலிருந்த பூக்கட்டும் நூலை இரண்டாக முறுக்கி இழுத்தான். கச்சிதம்!

பயிற்சிப் பள்ளியில் 'டப்'பென்ற சத்தம் அன்றாடம் கேட்கத் தொடங்கியது. சத்தம் வந்தால் கை தொங்கும். கையைத் தொங்கவிட்டவளே பிரித்துத் தைக்க வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். கன்னியம்மாள் என்ற பெண் மட்டும் பதினாலு தடவை அறுத்தாள். முரட்டுக் கை, அதைவிட முரட்டு அவசரம். "நர்சு வேல கெடைக்கலன்னா சொல்லு, எங் கடைக்கு வந்துரு. தையல்ல நல்லா தேறிட்ட" என்று குணசேகரன் கிண்டல் செய்தால், அழுதுகொண்டே சிரிப்பாள்.

பரீட்சைக்கு மெட்ராசிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்தார். பொம்மை தாங்குமா என்று பார்க்க அவரே முதலில் கை வைத்தார். டப்! "என்னம்மா, பொம்மை சரியில்லையே, கை பிஞ்சுபோச்சு?"

"பொம்ம சரியாத்தான் சார் கீது" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது. ஊசியும் நூலுமாக நின்றுகொண்டிருந்த குணசேகரனுக்கு வாய் அடங்கவில்லை. பார்வதம் டீச்சருக்கு உயிரே போய்த் திரும்பியது. டாக்டர் தொங்கிய கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "தைச்சுக் குடுப்பா, இன்னொரு தடவை பார்க்கலாம்" என்றார். நல்ல மனுஷர். அன்று அந்த ஒரு தடவைக்குப் பிறகு நூல் அறுபடவே இல்லை. கன்னியம்மாளும் பாஸ்.

அடுத்த வருஷம் ஒருநாள் விடியற்காலை, முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய கன்னியம்மாள் நேராகக் கடைக்கு ஓடி வந்தாள். "அண்ணா, ராத்திரி ஒரு பிரசவம், தோள் மாட்டிக்கிச்சு! நாலு கிலோ பொண்ணு. கை இழுக்கத்தான் போச்சு, ஆனா நான் இழுக்கல. காதுல அந்த 'டப்'தான் கேக்குது. அடிவயித்த அழுத்தச் சொல்லி, தோளைத் திருப்பினேன்... வந்துடுச்சு அண்ணா!"

குணசேகரன் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு அவளைப் பொன்னியம்மா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே வடிவு வாசற்படியில் உட்கார்ந்திருக்க, பொன்னியம்மா பின்னால் நின்று அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வடிவு கத்திக்கொண்டிருந்தாள். கன்னியம்மாள் எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். பொன்னியம்மாவின் சீப்பு நின்றது.

"கை?"

"ரெண்டையும் தூக்கிக்கிட்டுத்தாம்மா அழுதுச்சு."

குணசேகரன் ரோட்டில் போகிற மாட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டான். பாதி பின்னிய சடையோடு வடிவுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அப்ப அது தலைய அதுவே பின்னிக்கும். எங்கம்மா மாதிரி யாரும் அத லேட்டாக்க மாட்டாங்க!"