கடாரத்துக்குக் கைதட்டியவர்கள்

படத்தில் எங்கள் ஊர் வருகிறது என்று சுங்கை லாலாங்கில் வீட்டுக்கு வீடு சொல்லிவைத்தது நான்தான். சோழ ராஜா கப்பலேறிப் போய்ப் பிடிக்கிற கடாரம் வேறெதுவும் இல்லை, நாம இருக்கிற இந்தக் கெடா மாநிலம்தான் என்றேன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவளுக்கு வேறென்ன வேலை! விமர்சகர்களும் காவியம் காவியம் என்று எழுதித் தள்ளியிருந்தார்கள். மூன்றரை மணி நேரப் படம் என்றதும் சிலர் பின்வாங்கினார்கள். நம்மைப் பற்றிச் சொல்ல அவ்வளவு நேரமாவது வேண்டாமா என்று மடக்கினேன்.

பக்கத்து வீட்டு அக்காதான் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் சனிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு வர வேண்டும் அவருக்கு. நம்ம ஊர் எவ்வளவு நேரம் வரும் என்று கேட்டார். பாதிப் படம் நாமதான் அக்கா என்றேன். ட்ரெய்லரில் ஒரு கப்பலைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான் ஆதாரம். அதை நம்பி அக்காவும் சம்மதித்துவிட்டார்.

ஸ்கூல் வேன் ஓட்டும் அண்ணன் வேனைக் கொண்டுவந்தார். ஏதோ கோயில் திருவிழாவுக்குப் புறப்பட்ட மாதிரி பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக வந்து ஏறினார்கள். கைப்பைக்குள் தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமாக நாசி லெமாக் பொட்டலங்கள். சுங்கைப் பட்டாணி தியேட்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் ஒரு உத்தரவும் போட்டுவிட்டேன்: கடாரம் என்ற பெயர் திரையில் வந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும்.

பெயர் வந்தால்தானே. ராஜா முடிசூடினார். காதலித்தார். மழையில் குதிரை ஒன்று மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. அம்பு பட்ட மந்திரி ஒருவர் நாட்டின் எதிர்காலம் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார், சாகிற வழியைக் காணோம். "இவரு கண்ண மூடுறதுக்குள்ள நான் ஒரு ஷிஃப்ட் முடிச்சிருப்பேன் லா" என்று அக்கா என் காதில் சொன்னார். வேன் அண்ணன் நிம்மதியாகக் குறட்டைவிட்டார். நான் மட்டும் நாற்காலி நுனியில்.

கடைசியில் திரையில் வரைபடம் விரிந்தது. கடாரம்! ஒரே பாய்ச்சலில் எழுந்தோம். கைதட்டல், விசில், தூங்கியவரையும் தட்டி எழுப்பியாயிற்று. கப்பல்கள் கரை தொட்டன. இறகு செருகிய சில பேர் மொழியே இல்லாமல் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். நாலைந்து ஓலைக் குடிசைகள்மேல் தீ அம்பு பாய்ந்தது. நாங்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தோம்.

"தங்கச்சி," என்றார் வேன் அண்ணன், கண்ணைக் கசக்கியபடி. "எரியிறது நம்ம ஊரு லா."

கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. நாங்கள் உட்காருவதற்குள் ராஜா ஊர் திரும்பி யானைமேல் ஏறிவிட்டார். கடாரம் அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். யாரும் திட்டவில்லை. நகை நல்லா இருந்துச்சு, ரெண்டாவது பாட்டு நல்லா இருந்துச்சு என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள், எல்லாம் என் முகத்துக்காக. என் பேச்சை நம்பி ஒரு சனிக்கிழமையைக் கொடுத்தவர்கள். காவியம் என்று நானும் தலையாட்டியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் அப்புறம் இவர்களிடம் எந்த வாயோடு வரலாறு பேசுவது?

"இல்ல, படம் நல்லா இல்ல" என்றேன். "இழுத்துட்டாங்க. நம்ம ஊரு அப்படி இருந்ததே இல்ல."

அக்கா பூவைச் சரிசெய்துகொண்டார். "சரி. எப்படி இருந்துச்சு? சொல்லு."

கார் நிறுத்தும் இடத்திலேயே ஆரம்பித்தேன். கப்பல்காரர்கள் நடுக்கடலிலிருந்தே ஜெராய் மலையை அடையாளம் வைத்துக்கொண்டு வந்தது, ஆற்றோரம் இரும்பு உருக்கியது, செங்கல் சுட்டது. கோயில் கட்டிய இடம் இன்னமும் மெர்போக்கில் இருக்கிறது என்றதும் வேன் அண்ணன் குறுக்கிட்டார்.

"மெர்போக்தானே? இங்க பக்கந்தான் லா. ஏறுங்க."

ஜெராய் அடிவாரத்தில், ஓடைச் சத்தம் கேட்கும் மேட்டில், பட்டுச்சேலையோடு அந்தக் கருங்கல் அடித்தளத்தைச் சுற்றி நின்றார்கள். தூண் நின்ற கல்லைக் காட்டினேன். பல ஊர்க்காரர்கள் வந்து விற்று வாங்கிய துறைமுகம், குடிசைக் காடு இல்லை என்றேன். இறகு வைத்தவர்கள் யாராவது உண்டா என்று அக்கா கேட்டார். நான் படித்தவரை இல்லை என்றேன். அவர் கல்லைப் பார்த்தார், மலையை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப இங்கதானே தட்டியிருக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கைதட்டத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தள்ளி நின்ற சுற்றுலாக் குடும்பம் ஒன்று எதற்கென்றே தெரியாமல் தானும் தட்டியது.

நாசி லெமாக் பொட்டலங்களை வேனில்தான் பிரித்தோம். அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீயும் ரொம்ப நேரம்தான் இழுத்தே, தங்கச்சி. ஆனா நான் தூங்கல."

எந்த விமர்சகரும் அந்தப் படத்துக்கு இவ்வளவு நல்ல வார்த்தை எழுதியிருக்க முடியாது.